கிளச் பம்ப்: கிட் போடுவதா, புதிது வாங்குவதா, ரிகண்டிஷனா?

பழைய ஹையேஸ் வானிலோ டவுன்ஏஸ் வானிலோ ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போட்டுத்தான் விழுகிறது, பெடலை இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் ஒழுங்காக விழுகிறது என்றால், கிளச் பிளேட்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அடித்து மிதித்ததும் சரியாகிற கோளாறு பெரும்பாலும் ஒயில் பக்கத்தில்தான் இருக்கும். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி தொடங்கியது. கொழும்பில் ஸ்கூல் வான் ஓட்டுபவர்கள் பலர் இன்னமும் கையிலிருப்பதைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்டுகிறார்கள். ஆகவே எதைத் திருத்துவது, எதை மாற்றுவது என்பது காசு விஷயம்.

கிளச்சுக்கு இரண்டு பம்ப்: பெடலோடு சேர்ந்த மேல் பம்ப் பிரேக் ஒயிலைத் தள்ளும், கியர்பொக்ஸ் பக்கத்துக் கீழ் பம்ப் அந்த அழுத்தத்தால் கிளச்சை விலக்கும். முதலில் கோளாறு எந்தப் பம்பில் என்று பாருங்கள். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் தானாக மெல்ல இறங்குகிறது, ஆனால் ஒயில் குறையவில்லை என்றால், மேல் பம்பின் உள் ரப்பர் தேய்ந்திருக்கும். ஒயில் குறைந்து, பெடல் தண்டு வழியாகக் கசிந்து கால் பக்கம் நனைந்திருந்தாலும் மேல் பம்ப்தான். கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் கீழ் பம்பின் தூசி ரப்பரை விளிம்பில் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஒயில் தேங்கியிருந்தால் குற்றவாளி அதுவே. அப்புறம் ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிக் கீழ் பம்பின் தண்டைக் கவனியுங்கள். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நகர வேண்டும். முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு உள்ளே, பிளேட்டிலோ பிரஷர் பிளேட்டிலோ. இந்த அலசல் உங்களுக்கு உதவாது.

இனி மூன்று வழிகள். கிட் என்பது வெறும் ரப்பர்கள்தான், பம்பின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சேய்கன் என்ற ஜப்பான் பிராண்ட் கிட் கேட்டு வாங்குபவர்கள் அதிகம். ஆனால் கிட் நிற்குமா என்பதை ரப்பர் மட்டும் தீர்மானிப்பதில்லை, பம்பின் உள்சுவரும் தீர்மானிக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்காக மாற்றாத ஒயில் கீழ் பம்புக்குள் அசையாமல் கிடந்து சுவரை அரித்துவிடும். பம்பைக் கழற்றி, புது பிரேக் ஒயிலால் துடைத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு நகத்தால் தடவுங்கள். கறை மட்டும் என்றால் கிட் போடலாம். நகம் ஒரு பள்ளத்தில் தட்டுப்பட்டால் போடாதீர்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று மெக்கானிக் பாஸ் சொல்வார்; ஆழமான பள்ளம் அதற்கு மசியாது, கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். கிட்டோ புதிதோ, கழற்றிப் பூட்டும் கூலி ஒன்றுதான். மலிவுக் கிட் இரண்டாம் முறை கூலி கேட்டால் அது மலிவே இல்லை.

புதுப் பம்ப் என்றால் கவலை அளவில்தான். பழைய பம்பின் உடம்பில் உள்விட்டத்தை அங்குலத்தில் 5/8, 3/4 என்று வார்த்திருக்கும். அதையே கேட்டு வாங்குங்கள். மேல் பம்பின் விட்டம் கூடினால் பெடல் கடினமாகும், குறைந்தால் கீழ்த் தண்டு போதிய தூரம் நகராது. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கடையில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

ரிகண்டிஷன் பம்ப், அதாவது வேறு வாகனத்தில் பாவித்துக் கழற்றியது, எனக்குப் பிடிக்காது. எவ்வளவு காலம் ஒயில் இல்லாமல் காய்ந்து கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உங்கள் பழைய பம்பின் உடம்போ அரித்துப்போனது என்றால் மட்டும் வாங்கி, அதற்குள் புதுக் கிட் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வந்த ரப்பரை நம்பி அப்படியே பூட்ட வேண்டாம்.

என் கணக்கு இப்படி: மேல் பம்ப் போனால் புதிது. கீழ் பம்ப் போனால் சுவரைப் பார்த்து, கிட்டோ புதிதோ. மேலே புதிது போட்டு அழுத்தம் கூடியதும் கீழே உள்ள கிழட்டு ரப்பர் ஒழுகத் தொடங்குவது வழக்கமான கதை. அதனால் மேலதை மாற்றும் நாளில் கீழதையும் திறந்து பார்த்துவிடுங்கள். நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது புடைத்தால் அதுவும் போக வேண்டும்.

ஒயில் விஷயத்தில், பிரேக் ஒயில் வகைகளில் டொட் 3, டொட் 4 இரண்டும் கலக்கலாம். டொட் 5 சிலிக்கன் வேறு சாதி, ஊற்றாதீர்கள். பவர் ஸ்டியரிங் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ தவறிப்போய் விழுந்தால் ரப்பரெல்லாம் ஊதிவிடும், பிறகு கிட் பேச்சுக்கே இடமில்லை. ஒயிலுக்குள் சிக்கிய காற்றைக் கீழ் பம்பின் நிப்பிள் என்ற சிறு திறப்பு வழியாக எடுக்கும்போது மிதித்துப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, பிறகு விடு என்ற ஒழுங்கு மாறக்கூடாது. மேலே டாங்கியில் ஒயில் வற்றவும் கூடாது. எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், கீழ் நிப்பிளில் சிரிஞ்சைப் பூட்டி ஒயிலை மேல்நோக்கி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். காற்றுக்கு மேலே போவதுதானே சுபாவம். டாங்கி நிரம்பி வழியாமல் ஒரு துணியோடு ஒருவர் மேலே நிற்கட்டும், பிரேக் ஒயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.