1924ல கட்டின வீட்டுக்கு டக்ட்லெஸ் ஹீட் பம்ப்: கொட்டேஷன்ல வராத செலவும் சில குளிர்காலம் ஓட்டின அனுபவமும்

மொதல்லயே காசு கணக்க சொல்லிடறேன், அதுக்குத்தானே எல்லாரும் படிக்கறீங்க. பாஸ்டனுக்கு வடக்கால இருக்கிற எங்க வீட்டுக்கு 2022 நவம்பர்ல போட்டோம். கொட்டேஷன் 24,500 டாலர். மாஸ் சேவ்னு இங்க கரண்ட், கேஸ் கம்பெனிங்க சேந்து நடத்தற எனர்ஜி சேமிப்புத் திட்டம், அது குடுத்த ரிபேட் 10,000 போக 14,500. ஆனா எல்லாம் முடிஞ்சு கூட்டிப் பாத்தா கையவிட்டுப் போனது 31,600. இன்ஸ்டாலர் ஏமாத்தல, அவர் சொன்ன காசுக்கு மேல ஒரு பைசா வாங்கல. மிச்சம் 17,000 சொச்சமும் வீட்டோட வயசுக்குக் கட்டின காசு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: டக்ட்லெஸ் ஹீட் பம்ப்னா நம்மூர் ஸ்ப்ளிட் ஏசியேதான், குளிர்காலத்துல ரிவர்ஸ்ல ஓடி வெளில இருக்கிற சூட்ட உள்ள இழுத்துட்டு வரும். இந்தப் பக்கம் பழைய வீடுங்கள்ல டக்டே, அதாவது ரூமுக்கு ரூம் காத்து போற தகரக் குழாயே, கிடையாது, பேஸ்மென்ட்ல ஆயில் பாய்லர், ரூமுக்கு ரூம் ஸ்டீம் ரேடியேட்டர். புதுசா டக்ட் ஓட்டணும்னா சுவரையும் சீலிங்கையும் உடைக்கணும், அதனாலதான் எல்லாரும் மினி ஸ்ப்ளிட்னு சொல்ற இந்த டக்ட்லெஸ் பக்கம் போறாங்க.

சரி, அந்த 17,000 எங்க போச்சு. வீடு முழுக்க ஹீட் பம்ப்லயே சூடாக்கறவங்களுக்கு அப்ப குடுத்த 10,000 டாலர் ஹோல் ஹோம் ரிபேட் வேணும்னா மொதல்ல வீட்ட இன்சுலேட் பண்ணிருக்கணும், அதாவது சூடு வெளிய போகாம சுவருக்குள்ள அடைச்சிருக்கணும். மாஸ் சேவ்ல இருந்து ஆள் வந்து எனர்ஜி ஆடிட் ஃப்ரீயா பண்ணாரு, வாசக்கதவுல பெரிய ஃபேன மாட்டி வீட்டுக் காத்த வெளிய உறிஞ்சினாரு பாருங்க, ப்ளக் பாயின்ட் ஓட்டைல கைய வச்சா ஜில்லுனு காத்து அடிக்குது. அப்புறம் பேஸ்மென்ட் சீலிங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நின்னுட்டாரு. மரச்சட்டத்துல வரிசையா வெள்ளைப் பீங்கான் குமிழ், அதுல சுத்தி ஓடற துணி சுத்தின வயர். நாப் அண்ட் ட்யூப் வயரிங்னு பேரு, அந்தக் காலத்து வீடுகள்ல சகஜம். அது திறந்த காத்துல சூடு ஆறணும்னு கணக்குப் போட்டு ஓட்டினது, அத இன்சுலேஷன் போட்டு மூடினா நெருப்பு அபாயம், அதனால அது உயிரோட இருக்கிற வரைக்கும் சுவருக்குள்ள எதையும் அடைக்க மாட்டாங்க. இன்சுலேஷன் இல்லைன்னா ரிபேட் இல்ல. ஆக, ஹீட் பம்ப் வாங்கப் போன ஆளு மொதல்ல எலக்ட்ரீஷியன தேடி ஓடணும்.

வயரிங் மாத்த 9,000. மெயின் பேனல் 100 ஆம்ப்தான் இருந்துது, ரெண்டு அவுட்டோர் யூனிட்டும் வாட்டர் ஹீட்டரும் தாங்காதுன்னு 200க்கு ஏத்த 3,800. இன்சுலேஷன்ல 75 சதவீதம் மாஸ் சேவ் குடுத்துச்சு, எங்க பங்கு 1,700. அப்புறம் கொட்டேஷன் வாங்கறப்ப யாருமே வாயத் திறக்காத ஐட்டம் ஒண்ணு இருக்கு, வாட்டர் ஹீட்டர். பழைய ஆயில் பாய்லர்தான் குளிக்கற தண்ணியையும் சூடு பண்ணிட்டு இருந்துச்சு, பாய்லர நிறுத்தினா வெந்நீர் ஏது? தனி ஹீட்டர் 2,900. ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட் எங்களுக்கு வெறும் 300 டாலர்தான், ஏன்னா 30 சதவீதம், அதிகபட்சம் 2,000ங்கற புது கிரெடிட் 2023 ஜனவரிலதான் ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் காத்திருக்கலாம்தான், ஆனா அந்த வருஷம் ஆயில் காலன் 5 டாலர தாண்டிருச்சு, டேங்க்க ரொப்பற காசுலயே அந்த வித்தியாசம் போயிருக்கும். இனிமே போடறவங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல, 2025 டிசம்பரோட அந்த கிரெடிட்டையே எடுத்துட்டாங்க. மாஸ் சேவ் ரிபேட்டும் இப்ப டன் கணக்குல, அதாவது மெஷினோட சக்திக்குத் தகுந்த மாதிரி தர்றாங்க, பழைய மாதிரி மொத்தமா 10,000னு நம்பி உக்காராதீங்க. வட்டியில்லாத ஹீட் லோன் எங்களுக்கு 7 வருஷத் தவணைல கெடச்சுது, அது மட்டும் இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டோம்.

கொட்டேஷன் பத்தி ஒரு விஷயம். ஒருத்தர் வந்து வீட்ட ஒரு சுத்து சுத்திட்டு, ஸ்கொயர் ஃபீட்ட கேட்டுட்டு, 5 டன் வேணும்னு சொல்லி 31,000னு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. இன்னொருத்தர் ஜன்னல் சைஸ், சுவர், அட்டிக் எல்லாத்தையும் அளந்து மேனுவல் ஜே கணக்கு, அதாவது வீட்டுக்கு எவ்ளோ சூடு தேவைங்கற கணக்குப் போட்டாரு, இன்சுலேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு வச்சு. வந்தது 38,000 பிடியு, அதாவது மூணே கால் டன்னுக்குக் கிட்ட. ஒரே வீடு! மேனுவல் ஜே பேப்பர கண்ணுல காட்டாதவர் கிட்ட பேச்சே வேண்டாம்ங்கறது என் கட்சி. பெருசா போட்டா நல்லதுதானேன்னு தோணும், ஆனா ஓவர்சைஸ் மெஷின் மிதமான குளிர்ல சட்டுனு சூடாக்கிட்டு நிக்கும், திரும்ப ஓடும், திரும்ப நிக்கும், கரண்டும் வேஸ்ட்டு மெஷினும் தேயும்.

அந்தக் கூத்த எங்க வீட்லயே பாக்கலாம். கீழ ஹாலுக்கு ஒரு அவுட்டோருக்கு ஒரு இன்டோர்னு தனி யூனிட். கிச்சனுக்கும் மாடி பெட்ரூம் மூணுக்கும் சேத்து ஒரே மல்டி ஸோன், அதாவது ஒரே அவுட்டோர்ல இருந்து நாலு இன்டோர். ஹால் யூனிட் நாள் பூரா சத்தமில்லாம மெதுவா ஓடிட்டே இருக்கும், தங்கம். மல்டி அப்படி இல்ல, அக்டோபர்லயும் ஏப்ரல்லயும் ஒரே ஒரு ரூம் மட்டும் சூடு கேட்டா அவுட்டோர் அவ்ளோ கீழ இறங்கி ஓட முடியாம ஆன் ஆஃப் ஆகிட்டே கெடக்கும், அதோட ஆஃப் பண்ணி வச்ச ரூமோட ஹெட்லயும் (இன்டோர் யூனிட்டத்தான் ஹெட்னு சொல்வாங்க) கொஞ்சம் சூடான கேஸ் கசிஞ்சு போய் அந்த ரூம் சும்மாவே புழுங்கும். இடம் இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு போடுங்க. வெளில பெட்டி ஜாஸ்தியா தெரியும், வீட்டுக்காரம்மா திட்டுவாங்க, பரவால்ல.

குளிர் தாங்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. 2023 பிப்ரவரி 4ம் தேதி காலைல பாஸ்டன்ல மைனஸ் 10 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 23 செல்சியஸ், 1957க்கு அப்புறம் அவ்ளோ குளிர் வந்ததில்ல. ஹால் 70 ஃபாரன்ஹீட்ல வச்சிருந்தோம், 66க்கு இறங்குச்சு, அதுக்குக் கீழ போகல. பெட்ரூம்லாம் சுகமா இருந்துச்சு. பாத்ரூம்தான் பிரச்சன, அங்க ஹெட் கிடையாது, கதவ மூடினா ஐஸ் பெட்டி. கடைசில சின்னதா ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் சுவத்துல மாட்டினோம். நடுநடுவுல வெளி யூனிட்ல கட்டின ஐஸ உருக்க டீஃப்ராஸ்ட் ஓடும், உள்ள காத்து நின்னுடும், வெளில யூனிட்ல இருந்து குபுகுபுன்னு ஆவி கிளம்பும், மொதல் தடவ பாத்தப்ப புகைன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டிட்டாரு.

மாச பில்லுக்கு வருவோம், இதுலதான் நெறய பேர் கோட்டை விடறாங்க. ஒரு காலன் ஆயில் 85 சதவீத பாய்லர்ல குடுக்கற சூட்ட ஹீட் பம்ப் சராசரியா 2.7 சிஓபில (இழுக்கற கரண்ட விட எத்தன மடங்கு சூடு தருதுங்கற கணக்கு) குடுக்கணும்னா சுமாரா 12.8 யூனிட் கரண்ட் வேணும். யூனிட் 30 சென்ட்னா 3.83 டாலர். அப்ப ஆயில் 3.83க்கு மேல போனா ஹீட் பம்ப் லாபம், கீழ இருந்தா ஆயில் லாபம். முன்னாடி எங்களுக்கு வருஷத்துக்கு 850 காலன் ஆச்சு, 3.60 ரேட்ல 3,060 டாலர். இப்ப சூடாக்கறதுக்கு மட்டும் 8,400 யூனிட் பக்கம், 2,520 டாலர். 540 மிச்சம்னு குதிக்காதீங்க, இன்சுலேஷன் மட்டும் போட்டுட்டு பழைய பாய்லரையே ஓட்டிருந்தா 660 காலன்ல முடிஞ்சிருக்கும், 2,376 டாலர். மிச்சம் பண்ணிக் குடுத்தது இன்சுலேஷன்தான், ஹீட் பம்ப் இல்ல. மொதல் குளிர்காலம் இன்னும் கொடும, கரண்ட் கம்பெனி நேஷனல் கிரிட்டோட சப்ளை ரேட் மட்டுமே 33 சென்ட்ட தாண்டுச்சு, கரண்ட வீடு வரைக்கும் கொண்டு வர்ற டெலிவரி சார்ஜோட சேத்தா 45க்கு மேல. 2025 நவம்பர்ல இருந்து ஹீட் பம்ப் வீடுகளுக்கு குளிர்கால டெலிவரி சார்ஜ குறைச்சிருக்காங்க, உங்க வீடு அந்த ரேட்டுக்கு மாறிருக்கான்னு பில்ல எடுத்துப் பாருங்க, இல்லைன்னா கேட்டு மாத்திக்கோங்க.

அப்ப எதுக்குடா இவ்ளோ செலவுன்னு கேட்டா, வெயில்காலம். ஜூலைல ஜன்னல் ஏசிய அட்டிக்ல இருந்து தூக்கிட்டு வர்ற வேலை போச்சு, சத்தம் போச்சு, ஆயில் வாடை போச்சு. இதுக்கெல்லாம் விலை போட முடிஞ்சா போட்டுக்கோங்க. போனதுல வருத்தம்னா ஒண்ணுதான், இட்லி மாவு. ரேடியேட்டர் மேல வச்சா ராத்திரியோட ராத்திரியா பொங்கி வழியும், ஹெட் சீலிங் பக்கத்துல இருந்து காத்த ஊதுது, அது மேல எதை வைக்க?

ரிப்பேர் ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது குளிர்காலம் மாடில சூடு கம்மியாகிட்டே வந்துச்சு, அவுட்டோர் காயில் பூரா ஐஸ் கட்டி நின்னுது. காப்பர் பைப் சேர்ற ஃப்ளேர் நட்டுல கேஸ் கசிவு. மெஷின் பார்ட்ஸ்க்கு 12 வருஷ வாரன்டி, ஆனா அது பார்ட்ஸ் இல்லையாம், வேலை, வேலைக்கு வாரன்டி ஒரு வருஷம்தான், அது முடிஞ்சு போச்சு. கேஸும் கூலியும் 900 டாலர். மாட்டினவரே வந்து மாட்டினதுல இருந்த கோளாறுக்கு பில் போட்டாரு, என்னத்த சொல்ல. லேபர் வாரன்டி எத்தன வருஷம்னு கையெழுத்துக்கு முன்னாடி எழுதி வாங்குங்க, ப்ரெஷர் டெஸ்ட் பண்ணி கேஜ ஃபோட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்க.

ஃபில்டர நாமளே கழுவிக்கலாம், ஆனா உள்ள இருக்கிற ஃபேன் உருளைல கருப்பா பூஞ்சை புடிக்குது, அத ஆள் வந்து பிளாஸ்டிக் பை கட்டி கழுவினா ஒரு ஹெட்டுக்கு 250. அஞ்சு ஹெட்டுக்கும் கணக்கு போட்டுக்கோங்க. வெளி யூனிட் தரைலருந்து ஒன்றரை அடி ஸ்டாண்ட்ல இருக்கணும், பனி குவியும். கூரை ஓரத்துக்கு நேர் கீழ வைக்க விடாதீங்க, ஐஸ் ஈட்டி மாதிரி ஒடைஞ்சு விழும்.

ஆயில் வீடா, வயரிங்கும் இன்சுலேஷனும் எப்படியும் செய்ய வேண்டிய நிலைமைல இருக்கா, ஏசியும் வேணுமா, தாராளமா போடுங்க. நேச்சுரல் கேஸ் லைன் இருக்கிற வீடுன்னா, இப்ப இருக்கிற கரண்ட் ரேட்டுக்கு பில்ல குறைக்கறதுக்காக மட்டும் போடறதுல அர்த்தம் இல்ல.