ரவுட்டரில் அலுமினியம்: ஃபீடைக் குறைப்பதா, அகலத்தைக் குறைப்பதா?

மரம் வெட்டிப் பழகிய சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்லும் பாதையில் சுழலும் கட்டரை ஓட்டும் மெஷின்) முதல்முறை அலுமினியத்தைப் பூட்டும்போது கை தானாகப் போவது ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, குறைக்கத்தான். ஆர்பிஎம், அதாவது கட்டர் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, இருந்த இடத்திலேயே இருக்கும். மெதுவாகப் போனால் கட்டருக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். அலுமினியத்தில் அது நேர்மாறாக முடியும்.

கணக்கு எளிதானது. ஃபீடை ஆர்பிஎம்மாலும் ஃப்ளூட் (கட்டரின் வெட்டும் பல்) எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் கனம், அதாவது சிப் லோட், கிடைக்கும். 18,000 ஆர்பிஎம்மில் இரண்டு ஃப்ளூட் கட்டரை நிமிடத்துக்கு 300 மி.மீ. ஓட்டினால் ஒரு பல்லுக்கு சுமார் 0.008 மி.மீ.தான் தேறும். கட்டர் முனையின் மழுங்கலே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். அப்புறம் பல் எங்கே வெட்டும்? தேய்க்கத்தான் செய்யும். கனமான சீவல் வெட்டும் சூட்டைத் தன்னோடு எடுத்துப் போய்விடும். தேய்க்கும்போது சூடு கட்டரிலேயே தங்கி, அலுமினியம் முனையில் ஒட்டி, பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளம் அடைத்து, கட்டர் முறிகிறது. 6 மி.மீ. கட்டருக்கு ரவுட்டரில் சிப் லோடை 0.03 முதல் 0.05 மி.மீ. வரை வைத்துக்கொள்வது நல்லது.

0.05 வேண்டுமென்றால் 18,000 ஆர்பிஎம்மில் ஒற்றை ஃப்ளூட்டுக்கு ஃபீட் நிமிடத்துக்கு 900 மி.மீ. இரண்டுக்கு 1,800, மூன்றுக்கு 2,700. லேசான கேன்ட்ரி (கட்டரைத் தாங்கி நகரும் குறுக்குப் பாலம்) மூலை திரும்பும்போது 2,700-ஐப் பிடித்து வைக்காது. வேகம் சரியும், சிப் லோடும் கூடவே சரியும், தேய்ப்பு ஆரம்பிக்கும். அதனால் ரவுட்டருக்கு ஒற்றை ஃப்ளூட்டே என் தேர்வு. சீவல் வெளியேற அதில் இடமும் அதிகம். மெஷின் நல்ல விறைப்பாக இருந்தால் இரண்டு ஃப்ளூட் சரி. மூன்றை மில்லிங் மெஷினுக்கு விட்டுவிடுவோம்.

ஆர்பிஎம் அதிகமா, குறைவா என்ற சண்டையைக் கட்டரை வைத்துத் தீர்க்க முடியாது. 6 மி.மீ. கட்டரின் விளிம்பு 18,000-இல் நிமிடத்துக்கு சுமார் 339 மீட்டர் ஓடும், 10,000-இல் 188 மீட்டர். கார்பைடு இரண்டையும் தாங்கும். தீர்ப்பு சொல்ல வேண்டியது மெஷின்தான். பெல்ட்டில் ஓடும் லேசான மெஷினுக்கு 10,000 நல்லது: ஃபீட் 500-க்கு இறங்கும், மூலையில் தடுமாற்றம் குறையும், சத்தமும் குறையும். பால்ஸ்க்ரூவில் (பெல்ட்டுக்குப் பதில் திருகுத் தண்டு) ஓடும் கனத்த மெஷினுக்கு 18,000. ஆனால் 24,000-க்காகச் செய்த ஸ்பிண்டிலை (கட்டரைச் சுழற்றும் மோட்டாரை) 10,000-இல் ஓட்டினால் பவரில் பாதிகூடக் கிடைக்காது. அதற்கும் கீழே இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான வித்தியாசம் அடுத்ததில்தான் வருகிறது. கட்டரின் முழு அகலத்தையும் பொருளுக்குள் விட்டு அரை மி.மீ. ஆழம் எடுப்பது ஒரு வழி. அகலத்தைக் குறுக்கி ஆழமாக இறங்குவது இன்னொரு வழி; கட்டரின் பாதையைப் போட்டுத் தரும் கேம் (CAM) மென்பொருள்களில் அடாப்டிவ் என்று வருமே, அது. முதல் வழியில் 900 ஃபீடில் நிமிடத்துக்கு 2.7 கன செ.மீ. உலோகம் போகும். பல் பாதிச் சுற்று நேரம் உலோகத்துக்குள்ளேயே கிடக்கும், சீவல் பள்ளத்துக்குள் தங்கி மறுபடி மறுபடி வெட்டுப்படும், தேய்மானம் முழுவதும் நுனி அரை மி.மீ.யில் விழும்.

இரண்டாவது வழியில் அகலம் 0.6, ஆழம் 6 மி.மீ. என்று வைப்போம். பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது: அகலம் கட்டரின் விட்டத்தில் பத்தில் ஒன்றாகும்போது சீவலின் கனம் நாம் கணக்குப் போட்டதில் 60 சதவீதம்தான் வரும். 0.05 கனம் வேண்டுமென்றால் பல்லுக்கு 0.083 ஓட்ட வேண்டும், அதாவது ஃபீட் 1,500. உலோகம் 5.4 கன செ.மீ., இரண்டு மடங்கு! இதற்குத் தேவையான பவர் 100 வாட்டைத் தொடுவதே அரிது. ஆக ரவுட்டருக்குப் பற்றாக்குறை பவரில் இல்லை, விறைப்பில். மெஷின் அதிர்ந்தால் அகலத்தை 0.4-க்கு இறக்குங்கள். ஃபீடில் கை வைக்காதீர்கள்.

உள்ளே இறங்குவது எந்த வழியிலும் ஹெலிக்ஸாகவோ (சுருளாகச் சுற்றிக்கொண்டு) சாய்வாகவோ இருக்கட்டும். நேராகக் குத்தி இறக்க வேண்டாம்.

உலர்வெட்டா, மிஸ்ட்டா (குளிர்விக்கும் திரவத் தூவல்)? 6061-டி6 (கடினமாக்கிய அலுமினிய ரகம்) என்றால் வெறும் காற்றடிப்பே பெரும்பாலும் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். 1100, 5052 போன்ற மென்மையான ரகங்கள் ஒட்டும். அவற்றுக்கு மிஸ்ட் வேண்டும். ஆல்கஹாலைத் தெளிப்பவர்கள் அது தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. கட்டரில் கோட்டிங் இல்லாத, பளபளப்பாகத் தீட்டியது போதும். டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) கோட்டிங் கிடைத்தால் இன்னும் நல்லது. அலுமினியம் கலந்த கோட்டிங், அதாவது எஃகுக்கென்று வரும் கருநிறக் கட்டர்களில் இருப்பது, வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொள்ளும்.

2 மி.மீ. தகட்டில் மட்டும் அடாப்டிவுக்குப் பெரிய லாபம் கிடையாது, ஆழமே இல்லையே. அங்கே 3 மி.மீ. ஒற்றை ஃப்ளூட், 18,000 ஆர்பிஎம், ஃபீட் 400, ஒரு தடவைக்கு 0.3 மி.மீ. ஆழம் என்று ஆரம்பிக்கலாம். தகடு தூக்கிக்கொண்டு அதிராதபடி கீழே முழுவதும் ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும்.