149 ரூபாய்க்கு இஷானைக் காட்டிய ஆப்

ஆவணியில் மகளுக்குப் பையன் பிறந்தான். திருவாதிரை. பெயர் தேடுவதற்கென்று அவள் போனில் ஒரு ஆப் இறக்கினாள். பதினெட்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் அதைக் குடைந்தோம். ஆப் பெயரை எழுதப் போவதில்லை. ஸ்டோரில் தேடினால் இதே தொட்டில் படம், இதே நீலக் கலரில் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே மாவில் சுட்ட தோசை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து பெரிசு, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். நட்சத்திரத்தைச் சொன்னால் எழுத்தைச் சொல்லும். திருவாதிரைக்கு கு, க, ங, ச என்றது. பஞ்சாங்கத்திலும் அதேதான். சும்மா ங-வைத் தொட்டுப் பார்த்தேன். 'பெயர்கள் விரைவில்' என்று வந்தது. பிள்ளை முழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

149 ரூபாய் கட்டினால் எந்தப் பெயர் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில் அதிகம் என்று காட்டுமாம். எனக்கு ஆசை வந்தது அதில்தான். 1988-லிருந்து 33 வருஷம் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டே தொண்டை தேய்ந்தவள்.

முதல் வேலை அம்பாசமுத்திரம் பக்கம். ஒரே வகுப்பில் மூன்று இசக்கிமுத்து. எம். இசக்கிமுத்து, பி. இசக்கிமுத்து, 'ஓடக்கரை' இசக்கிமுத்து. அதுபோக சுடலைமுத்து, பேச்சிமுத்து. காரையாறு சொரிமுத்து ஐயனாருக்கு நேர்ந்து பிறந்தவன் சொரிமுத்து. ஒரு பையன் "உள்ளேன் டீச்சர்" என்றாலே அவன் வீட்டுக் குலசாமி எது என்று பாதி தெரிந்துவிடும். கடைசியாக வேலை பார்த்தது போளூர் பக்கம். அங்கே போனால் முத்துக்களை எல்லாம் காணோம். ஏழுமலை, அண்ணாமலை, அருணாச்சலம். ஒரு பக்கம் திருப்பதி இழுக்கிறது, இன்னொரு பக்கம் திருவண்ணாமலை.

சரி, ஆப் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று 'இசக்கிமுத்து' என்று அடித்தேன். "இந்தப் பெயர் கிடைக்கவில்லை. நீங்கள் தேடியது இஷானா?"

இல்லை தாயே.

ஏழுமலை இருந்தது. பொருள்: ஏழு மலைகள். வட்டாரம்: தமிழ்நாடு. முத்து இருந்தது. பொருள்: கடலில் கிடைக்கும் ஆபரணம். அம்மை கண்டால் 'முத்து போட்டிருக்கு' என்று சொல்கிற ஊரில், முத்துமாரிக்கு வேண்டிக்கொண்டு வைக்கிற பெயருக்கு இதுதான் விளக்கம்.

நடுவில் சில வருஷம் கம்பத்தில் இருந்தேன். அங்கே என் பதிவேட்டில் ஒரு பென்னிகுவிக் இருந்தான். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் பெயர். 1895-ல் அணை திறந்து தண்ணீர் கிழக்கே வந்தது. அந்த நன்றிக்கு இன்றைக்கும் தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். டி.சி.யில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்று அவன் அப்பா என்னிடம் நடையாக நடந்தார். பெயரை மாற்றிவிடலாமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "தண்ணி குடிக்கிறோம்ல டீச்சர்" என்றார். ஆப்பில் பென்னிகுவிக் கிடையாது.

காலக் கணக்காவது உருப்படியா என்றால், அதுவும் இல்லை. அதில் காட்டுகிற கோடு, ஆப் வைத்திருப்பவர்கள் எந்தப் பெயருக்கு இதயம் போட்டார்கள் என்கிற கணக்கு மட்டும்தான். அதனால் எந்த ஊரைத் தட்டினாலும் ஆரவ், விஹான். கூப்பிட்டுக் கேட்கக்கூட ஆள் தேவையில்லை, எனக்கே தெரியும்: என் மாமனார் தலைமுறை கோவிந்தசாமி, பழனிசாமி. அப்புறம் திராவிட இயக்கக் காற்று. ராமையாவாக இருந்தவர் அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு இளங்கோவன், அறிவழகன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாப் பெயருக்கும் வாலில் ஒரு குமார். ஓய்வு பெறும்போது வாலில் 'ஷ்'.

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீடியோ காலில் ஒன்று காட்டினான். அங்கே சமூகப் பாதுகாப்புத் துறை 1880-லிருந்து பிறந்தவர்களின் பெயர்க் கணக்கை வருஷவாரியாகவும், 1910-லிருந்து மாநிலவாரியாகவும் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 1961 முதல் 1998 வரை பையன்களில் மைக்கேல்தான் முதலிடம், 2017-லிருந்து லியாம். ஒரு வருஷத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயரை, ஆள் தெரிந்துவிடக் கூடாது என்று விட்டுவிடுவார்களாம். காசு வாங்காமல் இதைச் செய்கிறார்கள். இவன் 149 வாங்கிக்கொண்டு இதயத்தை எண்ணுகிறான்.

இன்னொரு எரிச்சல்: 'பெயரை இன்றே முடிவு செய்யுங்கள், 50 சதவீதம் தள்ளுபடி' என்று தினமும் ராத்திரி மணியடிக்கும். பிரசவித்தவளுக்குத் தூங்கக் கிடைப்பதே ரெண்டு மணி நேரம். அவசரமே இல்லை. பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்க முடியும். ஆப்பில் இதை எங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் யார் கட்டுவார்கள்?

இலவசப் பகுதி மட்டும் போதுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், நட்சத்திர எழுத்துக்கு ஆகும். காசு கட்டாதீர்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று அந்த ங-வுக்காக.

பேரனுக்குக் குகன் என்று வைத்தோம். முருகன் பெயர் என்று சம்பந்தியம்மாவுக்குத் திருப்தி, ராமாயணத்து ஓடக்காரன் பெயர் என்று எனக்கு. ஆப்பில் அதற்கு ஏழே ஏழு இதயம். அதில் ஒன்று மகள் போட்டது, ஒன்று மாப்பிள்ளை போட்டது. வீட்டில் எல்லோரும் இப்போதைக்குச் சின்னு என்றுதான் கூப்பிடுகிறோம்.