மங்கல் எழுத்து அட்டையா, ஓசிடி ஸ்கேனா?

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், அதாவது எம்எஸ் உள்ள பலர், "பார்வை 6/6, நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலோடு கண் மருத்துவரிடமிருந்து திரும்புகிறார்கள், ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் படிக்கட்டு விளிம்பு தெரிவதில்லை, எதிரே வருபவரின் முகம் கலங்குகிறது. காரணம் எளிது. வழக்கமான அட்டையில் இருப்பது வெள்ளை மேல் கன்னங்கரேல் எழுத்து. பார்வை நரம்பு ஓரளவு சேதமானாலும் அதைப் படித்துவிடலாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு குறைந்த ஸ்லோன் அட்டையில், அதாவது மங்கல் எழுத்து அட்டையில், அப்படி முடியாது. 2.5 அல்லது 1.25 சதவீத மாறுபாட்டில், பின்னணியோடு கரைந்துபோகும் வெளிர் சாம்பல் எழுத்துகள். செலவு குறைவு, சில நிமிடம் போதும், நோயாளி அன்றாடம் படும் கஷ்டத்தையே அது அளக்கிறது என்பதால் எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம். ஆனால் களைப்பு, அறை வெளிச்சம், கண்புரை எல்லாமே முடிவை மாற்றும்.

ஓசிடி அப்படியல்ல, விழித்திரையின் நரம்பிழை அடுக்கை ஒளியால் படமெடுத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் தடிமன் சொல்லும். பார்வை நரம்பு சேதமானால் இந்த அடுக்கு மெலியும். ஊசி கிடையாது. இரு கண்களின் தடிமனுக்கும் 5, 6 மைக்ரான் வித்தியாசம் இருந்தாலே, தெரியாமலே பார்வை நரம்பு அழற்சி வந்து போயிருக்குமோ என்று சந்தேகிக்கிறார்கள். எம்எஸ் நோயைக் கண்டறியும் மெக்டொனால்டு விதிகளின் 2024 திருத்தம் பார்வை நரம்பையும் கணக்கில் சேர்த்தபின் இதற்கு மவுசு கூடிவிட்டது. சரி, குறை? அழற்சி புதிதாக வந்த வாரங்களில் வீக்கம் மெலிவை மறைத்துவிடும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயாலும் அடுக்கு மெலியும்.

முதலில் அட்டை, அதில் தடுமாறினால் ஓசிடி, இதுதான் என் வரிசை. அட்டையை ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிக்கச் சொல்லுங்கள், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.