உச்சவரம்பா, திறந்த சந்தையா?

"விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளக் கணக்கு புரியாது" என்பதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் இரண்டு வீரர் சங்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்பிஏ கூடைப்பந்தில் லீக் வருமானத்தில் வீரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று பங்கு. அதை ஒட்டியே சம்பள உச்சவரம்பு, அதாவது ஒரு அணி தன் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய எல்லை. லீக் வளர்ந்தால் சம்பளமும் வளரும், அது நல்லதுதான். ஆனால் சண்டை முழுக்க அந்த ஒற்றை எண்ணில் வந்து நிற்கும். 2011இல் முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். 82 ஆட்ட சீசன் 66ஆகச் சுருங்கியது; வீரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கியது. சில வருடம் மட்டுமே ஆடக்கூடியவருக்குப் போன சம்பளம் திரும்பி வராது. முதலாளிக்கு அந்த அவசரமே கிடையாது.

பேஸ்பாலில் உச்சவரம்பு இல்லை. 1966இல் சங்கத் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர், எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராக இருந்தவர். ஓக்லாந்து அணி முதலாளி சார்லி ஃபின்லி, எல்லா வீரர்களையும் விரும்பிய அணியோடு பேரம் பேசச் சந்தையில் விட்டுவிடலாம் என்றார். மில்லர் பயந்தது அதற்குத்தான்: வரத்து கூடினால் விலை விழும். நல்லவேளை, மற்ற முதலாளிகள் ஃபின்லியைக் கேட்கவில்லை. 1976 ஒப்பந்தப்படி ஆறு வருடம் ஆடியவருக்கே அணி மாறும் சுதந்திரம். சிலரே சந்தைக்கு வந்தார்கள், சம்பளம் எகிறியது. முதலாளிகள் கொண்டுவர நினைத்த உச்சவரம்பைத் தடுக்க 1994-95இல் வீரர்கள் 232 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1994இல் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை.

என் ஓட்டு பேஸ்பால் வழிக்கு. ஆனால் அந்த ஆறு வருடக் காத்திருப்பில் இளம் வீரர்கள் மலிவாக ஆடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.