ஹாலிபர்ட்டனா, சபோனிஸா?

அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீகில், 2022 பிப்ரவரி 8 அன்று சாக்ரமெண்டோ கிங்ஸ் அணி, டைரீஸ் ஹாலிபர்ட்டனை இண்டியானா பேசர்ஸுக்குக் கொடுத்துவிட்டு டொமண்டாஸ் சபோனிஸை வாங்கியது. கூடவே சிலர் கைமாறினார்கள். அவர்களை இங்கே விட்டுவிடலாம். கிங்ஸ் ஏமாந்துவிட்டது என்று அன்றே பலர் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

அப்போது கிங்ஸ், 2006-க்குப் பிறகு பிளே-ஆஃப் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்று) வாசலையே மிதிக்காத அணி. பாயிண்ட் கார்டாக டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார். ஹாலிபர்ட்டனும் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துகிறவர்தான். ஒரே பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர். தேவைப்பட்டது ஒரு நல்ல சென்டர், அதாவது கூடையருகே ஆடும் உயரமான வீரர்.

சபோனிஸ் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் பந்தோடு நிற்பார். சக வீரர் கெவின் ஹ்யூர்ட்டர் அவரை உரசிக்கொண்டு ஓடுவார். அந்த நொடியில் பந்து கைமாறும். துரத்தி வந்தவர் சபோனிஸின் தோளில் முட்டி நிற்பார், ஹ்யூர்ட்டருக்கு முன்னால் வெட்டவெளி. 2022-23-இல் இப்படி ஆடியே 48 வெற்றி, லீகின் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். 16 ஆண்டு வறட்சி முடிந்தது. ஜெயித்த இரவுகளில் அரங்கத்தின் மேலிருந்து ஊதா ஒளி வானத்தைத் தொட்டது. வலது கட்டைவிரல் முறிந்தும் ஆடிய சபோனிஸ்தான் அந்த ஆண்டு ரீபவுண்டில் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) லீகிலேயே முதல்.

அப்புறம் பிளே-ஆஃபில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வந்தார்கள். சபோனிஸ் தூரத்திலிருந்து எறியத் தயங்குவார் என்று தெரிந்து, அவரைக் காக்க வேண்டியவர் கூடையருகே பின்வாங்கி நின்றார். ஏழாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி 50 புள்ளி அடிக்க, கதை முடிந்தது.

பேசர்ஸுக்கு நேரெதிர் பிரச்சினை. மைல்ஸ் டர்னர், சபோனிஸ் என்று இரண்டு சென்டர்கள். ஒருவரைக் கொடுத்து, சம்பளம் குறைவான 21 வயதுப் பையனை வாங்கினார்கள். உடனே பலன் வரவில்லை; 2022-23-இல் 35 வெற்றிதான். மறு ஆண்டு அசிஸ்டில் (கூடை விழ வழிசெய்யும் பாஸில்) ஹாலிபர்ட்டன் லீகில் முதல், அணி கிழக்குப் பிரிவின் இறுதியில். 2025-இல் சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றே வந்தது. ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 0.3 நொடி மிச்சமிருக்கும்போது ஹாலிபர்ட்டன் பந்தைப் போட்டு ஜெயிக்கவைத்தார். அந்த ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னிலையில் இருந்ததே அந்த 0.3 நொடிதான்! ஏழாவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தது கொடுமை. ஆனால் இந்த டிரேடு (வீரர் பரிமாற்றம்) தப்பு என்பதற்கு அது சாட்சியாகாது.

என் கணக்கில் பேசர்ஸுக்கே லாபம். அதற்காக சபோனிஸை வாங்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு டிரைவரில் யாரை இறக்கிவிடுவது என்பதில்தான் கிங்ஸ் கோட்டைவிட்டது. ஃபாக்ஸைக் கொடுத்திருந்தால் பேசர்ஸ் சம்மதித்திருக்குமா என்று கேட்கலாம். அவர் சம்பளம் அதிகம், நியாயமான கேள்விதான். சரி, யாருக்காக ஹாலிபர்ட்டனை அனுப்பினார்களோ அந்த ஃபாக்ஸும் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார்.