சாளைச் சமையலறையும் ஐந்து மில்லிமீட்டர் துளைகளும்

தோட்டத்தில் குடியேற நினைக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “சமையலறை அலமாரிகளை நீங்களே செய்தீர்களே, நானும் செய்யலாமா?” செய்யாதீர்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று காலைதான் மல்லித்தூள் டப்பாவுக்குள், அலமாரியில் குளவி கொண்டுவந்து வைத்த பச்சைப் புழு விழுந்திருந்தது. அவருக்கு முழுப் பதில் இன்னும் பாக்கி.

காங்கேயம் பக்கம் இருக்கும் எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, தாத்தா காலத்தில் மாடு கட்டிய இடம். கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டுக்கும் நடுவே காற்றுக்காக விட்ட ஓர் அடி இடைவெளி. மின் இணைப்பு கிடையாது. விவசாய மோட்டாருக்குத் தரும் இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. சாலையிலிருந்து கம்பம் நட்டுக் கொண்டுவரும் செலவுக்கு சோலார் தகடுகளே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு கிலோவாட் தகடுகள், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர். அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் தடிமனில், தண்ணீர் தாங்கும் 710 ரகப் பிளைவுட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. மாட்டுச் சாளையின் தரை ஒருபோதும் மட்டமாக இருக்காது. கோமியம் வடிந்து கால்வாயில் சேர வேண்டும் என்பதற்காக, நாற்பது அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரித்துப் போட்டிருப்பார்கள். கொத்தனார் அதைப் பார்த்ததும் கான்கிரீட் கொட்டி மட்டப்படுத்திவிடலாம் என்றார். நான் விடவில்லை. அலமாரிகளுக்கு அடியில் நான்கு அங்குல பிளாஸ்டிக் கால்கள் வைத்தேன். திருகினால் ஏறி இறங்கும் வகை. அலமாரியின் ஆழம் 22 அங்குலம், அந்தத் தூரத்துக்கு வாட்டம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். முன்கால்களை அந்த அளவுக்கு ஏற்றினால் ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றுவிடுகிறது. கால்களை மறைக்க முன்னால் அடிக்கும் பட்டையை நான் அடிக்கவே இல்லை. விளைவு என்னவென்றால், ராத்திரி பாத்திரம் கழுவியதும் இரண்டு குடம் தண்ணீரைத் தரையில் வீசினால் போதும். அலமாரிக்கு அடியில் புகுந்து, சோற்றுப் பருக்கை, கரப்பான், ஆடிக்காற்று கொண்டுவந்த மண் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பழைய கால்வாய் வழியாக வாழைக்குப் போய்விடுகிறது. நகரத்தில் லட்சக்கணக்கில் கொட்டிச் சமையலறை போட்ட உறவினர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். குனிந்து டார்ச் அடித்தால் பாம்பு இருக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

பிளைவுட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 710 முத்திரை கொதிநீர்ச் சோதனையைத் தாங்கிய பலகைக்குத் தருவது. தொட்டிக்குக் கீழே குழாய் ஒருமுறை கசிந்து நாள்கணக்கில் ஈரம் நின்றது, பலகை உப்பவில்லை. கதவுக் கீல்களை ஆண்டுக்கு ஒரு தடவை திருகாணியைத் திருப்பி நேராக்க வேண்டியிருக்கிறது. அதைக் குறையாகச் சொன்னால் அநியாயம்.

மின்சாரம் பற்றி நண்பர் தனியாகக் கேட்டார். 1,400 வாட் வட்ட ரம்பம் ஓடும்போது அவ்வளவுதான் இழுக்கும். ஆனால் விசையை அழுத்திய அந்த நொடியில் அதைப்போல் சில மடங்கு கேட்கும். ஃபிரிட்ஜ் கம்பிரசரும் அதே நேரம் கிளம்பினால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். எனவே ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் அறுக்க வேண்டும். பசை தடவுவது, உப்புத்தாள் தேய்ப்பது, பேட்டரி டிரில்லில் திருகுவது எல்லாம் சாயங்காலத்துக்கு. 710 பலகை ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்கும், மழுங்கிய பல் இன்னும் அதிக மின்சாரம் தின்னும். நேர் வெட்டுகளை ஊரில் பேனல் ரம்பம் வைத்திருக்கும் பட்டறையில் முடித்து, ஓரப் பட்டையையும் அங்கேயே ஒட்டி வாங்கி வருவது புத்திசாலித்தனம். கோணல் சுவரோடு பொருந்த வேண்டிய துண்டுகளை மட்டும் இங்கே அறுத்தால் போதும்.

இப்போது குளவிக்கு வருகிறேன்.

மேல் அலமாரிகளுக்குக் கதவு வைக்கவில்லை. அலமாரித் தட்டுகளை ஏற்றி இறக்கிக்கொள்ள வசதியாக, நிற்கும் பலகைகளில், தொழிற்சாலை அளவுப்படியே, முன் விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே, 32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 5 மில்லிமீட்டர் துளைகள் போட்டேன். நடுப்பலகையில் இருபுறமும் தட்டைத் தாங்கும் ஊசி செருக வேண்டும் என்பதால் ஊடுருவவே துளைத்தேன். கச்சிதமான வரிசை. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். குளவிகளும் பாராட்டின. கூரை இடைவெளி வழியாக வந்து, ஒரு துளைக்குள் முட்டையிட்டு, குட்டிப் புழுக்களை மயக்கிக் கொண்டுவந்து திணித்து, சேற்றால் வாயை மூடிவிட்டு அடுத்த துளைக்குப் போகின்றன. தட்டை ஒரு படி உயர்த்தலாம் என்று ஊசியை எடுத்துச் செருகினால் போகாது. ஆணியால் குத்தினால் காய்ந்த மண்ணும் பாதி உயிருள்ள புழுவும் கீழே திறந்திருக்கும் டப்பாவில் விழும். மெழுகு வைத்து அடைத்தேன், வெயிலில் இளகி வழிந்தது. பிளாஸ்டிக் மூடிகள் நிற்கின்றன. ஆனால் எல்லாத் துளையையும் மூடிவிட்டால் தட்டை நகர்த்துவதற்கென்று அவ்வளவு துளை எதற்கு? கூரை இடைவெளிக்கு வலை அடிக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை தருகிறார்கள். அந்தக் காற்றுக்காகத்தான் இங்கே வந்தோம். வலையில் தூசு அடைந்தால் அதுவும் போய்விடும்.

நியாயமாகப் பேசினால், அவை திணிக்கும் புழுக்கள் என் கத்தரியையும் வெண்டையையும் தின்றிருக்க வேண்டியவை. விவசாயியாக நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். தோட்டத்தில் நின்று சொல்கிறேன். மல்லித்தூளில் பார்த்தால் அந்த நன்றி வருவதில்லை.

ஆகவே நண்பருக்குப் பதில் இதுதான்: செய்யாதீர்கள். செங்கல் தூண் எழுப்பி, கடப்பா கல்லைப் பலகையாகப் பதித்துவிடுங்கள். எங்கள் அம்மா வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. கரையானும் சீண்டாது, குளவிக்கும் இடமில்லை, கொத்தனார் சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிடுவார். மேலே எழுதிய நல்லதை எல்லாம் படித்துவிட்டு, பின் ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பார். இந்த வாரம் அப்படித்தான் சொல்ல வருகிறது.

என் பேச்சைக் கேட்காமல் செய்வதானால், கால்களை வையுங்கள், துளைகளை விடுங்கள். தட்டு நிற்க இரண்டு பக்கமும் ரீப்பர் கட்டை அடித்தால் போதும். ஒரு தடவை உயரம் பார்த்து வைத்த தட்டை யாரும் நகர்த்துவதில்லை, நானும் குளவியோடு சண்டை போடத்தான் நகர்த்தியிருக்கிறேன். என் நடுப்பலகையையும் கழற்றிவிட்டுத் துளையில்லாத புதுப் பலகை போடப் போகிறேன். இந்தக் கார்த்திகை மேகத்தில் ரம்பத்தை ஓட்டினால் ராத்திரி விளக்கு எரியாது. தை பிறக்கட்டும்.